சிரிக்காத முகத்துக்கு ஒரு வக்காலத்து

படம் எடுத்துக்கொள்ளப் போகிறவருக்கு ஊரெல்லாம் இலவசமாகக் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: "ரிலாக்ஸா இருங்க." திண்டுக்கல் ரத வீதியில் பாஸ்போர்ட் சைஸ் எடுக்கும் சின்ன ஸ்டுடியோ முதல், ஆத்தூர் காமராஜர் அணைக்கரையில் விடியற்காலையில் ட்ரோன் பறக்கவிடும் கல்யாணக் குழு வரைக்கும் இதே பல்லவி. இதையே நீட்டிக் கைப்பேசியில் பாடம் நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். கண்ணாடி முன்னால் நின்று பழகுங்கள், முகத்தில் எந்தப் பக்கம் எடுப்பு என்று கண்டுபிடியுங்கள், மூச்சை இழுத்து விடுங்கள், உள்ளே தன்னம்பிக்கை இருந்தால் முகத்தில் அது தானாக வரும். வராவிட்டால்? உங்களுக்கு 'போட்டோ ஃபேஸ்' இல்லை. அல்லது கூச்ச சுபாவம். அல்லது, கொஞ்சம் மரியாதையாக, 'கேமராவுக்குப் பழகல'. எப்படிச் சொன்னாலும் குறை உங்களுடையது.

இதோடு சேர்த்து ஒரு வரலாறும் சொல்லப்படுகிறது. வீட்டுச் சுவரில் தொங்கும் தாத்தா பாட்டி படத்தைக் காட்டி, "பாவம், கேமராவைப் பாத்து மெரண்டு போயி உக்காந்திருக்காங்க" என்று பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அவர்கள் விறைத்தார்கள், நாம் இளகிவிட்டோம், அதனால் நாம் தைரியசாலிகள் என்பது அந்தச் சிரிப்பின் உள்ளர்த்தம்.

இரண்டையும் மறுக்கத்தான் இதை எழுதுகிறேன். லென்ஸுக்கு முன்னால் ஒருவர் உடம்பு இறுகுவது பெரும்பாலும் அவருடைய குணக்கோளாறால் வருவதில்லை. அந்த அறை, விளக்கு, ஸ்டூல், படம் எடுப்பவரின் அவசரம் எல்லாம் சேர்ந்து செய்கிற காரியம் அது. சரிசெய்ய வேண்டியவர் கேமராவுக்குப் பின்னால் நிற்பவர். காசும் வாங்கிக்கொண்டு, தன் வேலையையும் நம் தலையில் கட்டி, நம்மால் முடியாதபோது நம்மையே குறை சொல்வது என்ன நியாயம்? அதுபோக, எல்லா இறுக்கமும் தீர்க்கப்பட வேண்டிய நோயும் கிடையாது. அப்படித்தான் தெரிய வேண்டும் என்று தீர்மானித்தே உட்காருகிறவர்கள் உண்டு.

தாத்தா பாட்டியிலிருந்தே தொடங்கலாம், அவர்கள்மேல் விழுந்த பழிதான் பழையது. அந்த விறைப்புக்கு இரண்டு காரணங்கள் சொல்கிறார்கள். ஒன்று பயம். படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று நம்பிய காலம். முக்காலி மேல் பெட்டி, கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொள்ளும் ஆள். மிரளாமல் என்ன செய்வார்கள் என்பது. மற்றது கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்கள் சொல்வது. பழைய பிளேட்டுகள் மந்தமானவை, பல விநாடி ஆடாமல் அசையாமல் இருந்தாக வேண்டும், அதனால்தான் அந்த முகம்.

இரண்டாவதில் பாதி உண்மை உண்டு. 1839இல் டாகேரின் புகைப்பட முறை பாரிஸில் வெளியானபோது ஒரு படத்துக்கு நிமிடக் கணக்கில் வெளிச்சம் தேவைப்பட்டது. முகங்களை எடுக்கத் தொடங்கியதும், பின்னந்தலை ஆடாமல் தாங்கிப் பிடிக்க நாற்காலிக்குப் பின்னால் ஓர் இரும்புக் கவையை நிறுத்தினார்கள். சென்னையில் 1856இல் புகைப்படச் சங்கம் ஏற்பட்டது. அதே ஆண்டு மாகாண அரசின் புகைப்படக்காரராக லின்னேயஸ் டிரைப் நியமிக்கப்பட்டு, 1858இல் மதுரை, திருச்சி, தஞ்சை என்று சுற்றினார். அவர் பெரும்பாலும் எடுத்தது கோயில்களையும் கோட்டைகளையும்தான். கல்லுக்கு யாரும் ரிலாக்ஸ் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் 1880களிலேயே உலர் பிளேட் பரவிவிட்டது. நல்ல வெளிச்சத்தில் விநாடியில் ஒரு பங்கு போதும் என்றானது. பிறகு ஃபிலிம் ரோல், ஃபிளாஷ் பல்பு, அதற்கப்புறம் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு மின்னி மறையும் எலக்ட்ரானிக் ஃபிளாஷ். பிளேட்டின் மந்தம்தான் காரணம் என்றால் மந்தம் போனதும் விறைப்பும் போயிருக்க வேண்டுமே! போகவில்லை. 1970களில் கல்யாணமான யார் வீட்டு ஆல்பத்தையும் எடுத்துப் பாருங்கள். மாப்பிள்ளை நெஞ்சை நிமிர்த்தி, கைகளை உடம்போடு ஒட்டி, நேரே பார்க்கிறார். பக்கத்தில் பெண்ணும் அப்படியே. கேமரா அவர்களை அசையாதே என்று கேட்கவே இல்லை.

பயம் என்கிற விளக்கம் இதைவிட மோசம். பயந்தவர் ஒதுங்கிப் போவார். இவர்களோ வேடசந்தூரிலிருந்தும் நத்தத்திலிருந்தும் நிலக்கோட்டையிலிருந்தும் பஸ் ஏறி, இருப்பதில் நல்ல உடுப்பை உடுத்தி, கைக்கடிகாரம் இல்லாவிட்டால் இரவல் வாங்கிக் கட்டி, காசும் கொடுத்து ஸ்டுடியோவுக்குள் போய் உட்கார்ந்தார்கள். வந்த படத்தைச் சட்டம் போட்டு, வீட்டுக்குள் நுழைகிறவர் கண்ணில் முதலில் படும் இடத்தில் மாட்டினார்கள். தான் மிரண்ட கோலத்தை யாராவது முற்றத்தில் மாட்டி வைப்பார்களா?

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் மானிடவியலாளர் ஜோயே ஹெட்லியும் ரமேஷ்குமாரும் தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடிச் சேர்த்து மின்னாக்கம் செய்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான திட்டம் அதற்குக் கைகொடுத்தது. அந்த மாதிரித் தொகுப்புகளில் திரும்பத் திரும்பக் காண்பது நேர்ப்பார்வை, நேர்முதுகு, மூடிய வாய். நம் ஊர் மட்டுமல்ல. பிரான்சின் பெயார்ன் பகுதிக் குடியானவர்களைப் பற்றி எழுதிய பியர் பூர்தியூ, 1965இல் வெளியான தன் புகைப்பட ஆய்வில் இதற்குச் சொன்ன காரணம் மானம். நேரே நின்று நேரே பார்ப்பவர் எதிரே இருப்பவருக்கு மரியாதை கொடுக்கிறார், அதையே திருப்பியும் கேட்கிறார். நமக்கு இதை பிரெஞ்சுக்காரர் வந்து சொல்ல வேண்டியதே இல்லை. பெரியவர்கள் கூடிய இடத்தில் சாய்ந்து உட்காராத, கால்மேல் கால் போடாத ஒரு பழக்கத்திலிருந்து வந்தவர்கள், இன்னும் பிறக்காத பேரப்பிள்ளை வரைக்கும் பார்க்கப்போகிற ஒரு படத்துக்குச் சாய்ந்து பல்லைக் காட்டவா செய்வார்கள்?

இதில் இன்னொரு அடுக்கு இருக்கிறது, அதைப் பேசாமல் 'இளகுங்கள்' என்று சொல்வது எனக்கு எரிச்சலாகவே இருக்கிறது. ஊருக்குள் சிலர் காலில் செருப்பும் தோளில் துண்டுமாக நடக்க முடியாத காலம் ஒன்று இருந்தது. சில தெருக்களில் அது இன்னும் முழுதாக முடிந்துவிடவும் இல்லை. பெரிய வீட்டுத் திண்ணையில் உட்காரக்கூடாத ஒருவர், டவுனுக்கு வந்து ஸ்டுடியோ நாற்காலியில் உட்கார்ந்தார். அங்கே கோட்டு கிடைத்தது, பூட்ஸ் கிடைத்தது, பக்கத்தில் பூச்சாடி வைத்த ஸ்டாண்டு கிடைத்தது. அந்த நாற்காலியில் அவர் எப்படி உட்கார வேண்டும் என்கிறீர்கள்? சும்மா வந்தவர் போலவா? ஒரு முதுகு அவ்வளவு நேராக இருந்ததற்கு அர்த்தம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் அதிகம் படம் எடுக்கப்பட்ட மனிதர் ஃபிரடெரிக் டக்ளஸ். அடிமையாய்ப் பிறந்து, தப்பி, விடுதலைக்காகப் பேசியவர். ஏறத்தாழ 160 தனிப் படங்கள் கிடைத்திருக்கின்றன. சிரிக்காத முகத்தை அவர் தெரிந்தே வைத்துக்கொண்டார், ஏனென்றால் பல்லைக் காட்டி மகிழ்கிற அடிமை என்று வெள்ளைக்காரப் பத்திரிகைகள் வரைந்த கேலிச்சித்திரத்துக்கு அதுதான் பதில். அம்பேத்கரின் கோட்டும் டையும் நேர்பார்வையும் அதே வேலையைத்தான் இங்கே செய்தன.

விறைப்பெல்லாம் ஒன்று என்று நான் சொல்லவில்லை. 1885இல் சென்னை அருங்காட்சியகப் பொறுப்பேற்ற எட்கர் தர்ஸ்டன், அளவுகோலும் கேமராவுமாகத் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் அளந்து தள்ளினார். ரங்காச்சாரியுடன் சேர்ந்து 1909இல் ஏழு தொகுதிகளாக அது அச்சில் வந்தது. அந்தப் படங்களிலும் மனிதர்கள் விறைத்து நிற்கிறார்கள், ஆனால் நிற்கச் சொன்னதால் நிற்கிறார்கள். ஒருவரை மூக்கின் அகலத்துக்காக நிறுத்துவதும், ஒருவர் தானே வந்து நாற்காலியில் உட்காருவதும் பார்வைக்கு ஒன்று போலிருக்கலாம். எப்படித் தெரிய வேண்டும் என்று தீர்மானித்தது யார் என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் வருகைப்பதிவுக்கு வேலைத்தளத்திலேயே நாளுக்கு இரண்டு முறை கைப்பேசியில் படம் எடுப்பதைக் கட்டாயமாக்கினார்கள். கம்மாய்க்கரையில் வரிசையில் நின்ற பெண்களிடம் யாரும் தன்னம்பிக்கையோடு பாருங்கள் என்று கேட்கவில்லை. அங்கே வேண்டியது தலை எண்ணிக்கை.

சரி, சிரிப்புக்கு வருவோம். சிரித்த முகம்தான் இயற்கை, மூடிய வாய் பழக்கத்தால் வந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நடந்தது தலைகீழ். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1905 முதல் 2013 வரையான அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஆண்டுமலர்களிலிருந்து 37,921 முகங்களை எடுத்துக் கணினியில் ஒப்பிட்டு 2015இல் முடிவை வெளியிட்டார்கள். நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த ஊர்ப் பிள்ளைகளும் உதட்டை மூடித்தான் இருந்தார்கள். சிரிப்பு பத்தாண்டுக்குப் பத்தாண்டு கூடிக்கொண்டே வந்திருக்கிறது. கோடாக் தன் பெட்டிக் கேமராவை விற்க, படம் எடுப்பதை விடுமுறையோடும் குதூகலத்தோடும் சேர்த்து விளம்பரம் செய்த காலம் அது. அமெரிக்கர்களும் கற்றுக்கொண்டுதான் சிரித்தார்கள். பாரதியின் அசல் படங்களாக நமக்குக் கிடைத்திருப்பவை சில. ஒன்றிலும் பல் தெரியாது. அவருக்குத் தன்னம்பிக்கை போதவில்லை என்று யாராவது சொல்வார்களா?

வேடிக்கை என்னவென்றால், அதே ஸ்டுடியோவில் பாஸ்போர்ட்டுக்கு எடுக்கும்போது வாயை மூடச் சொல்கிறார்கள். சர்வதேச விதி அது. முகத்தில் உணர்ச்சி கூடாது, நேரே பார்க்க வேண்டும், உதடு பிரியக்கூடாது. தாத்தா தானாகச் செய்ததை அரசாங்கம் இப்போது நிபந்தனையாகக் கேட்கிறது.

சொல்லி வரவழைக்கும் சிரிப்பு எப்படியிருக்கும் என்பதை பிரெஞ்சு மருத்துவர் துஷேன் 1862லேயே காட்டிவிட்டார். முகத் தசைகளுக்கு மெல்லிய மின்சாரம் செலுத்திப் படமெடுத்தவர் அவர். உதட்டை இழுக்கும் தசை நாம் சொன்னபடி கேட்கும். கண்ணைச் சுற்றியுள்ள தசை மனது நிறைந்தால்தான் சுருங்கும் என்றார். "சிரிங்கக்கா, இன்னும் கொஞ்சம்" என்று கேட்டால் வாய் விரிகிறது, கண் அப்படியே நிற்கிறது. கல்யாண ஆல்பத்தில் நூறு பக்கமும் இந்த முகம்தான்.

இதற்கு மாற்றாகத்தான் 'கேண்டிட்' வந்தது என்பார்கள். போஸ் இல்லை, பாவனை இல்லை, உள்ளபடி எடுக்கிறோம். அணைக்கரையில் நடப்பதைக் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். "நடந்து வாங்க. கேமராவைப் பாக்காதீங்க. இப்ப ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாருங்க. தம்பி, அவங்க காதுல ஏதாவது சொல்லுங்க. சிரிங்க. சரியா வரல, மறுபடி." மறுபடியும் நடந்து வருகிறார்கள். பழைய ஸ்டுடியோவில் ஒரு போஸ் கொடுத்தால் முடிந்தது. இங்கே ஒரு நாளெல்லாம் கொடுக்க வேண்டும், கொடுக்காதது போலவும் கொடுக்க வேண்டும். பெண்பார்க்க வந்த அன்று ஒரு தடவை, நிச்சயத்தன்று ஒரு தடவை என்று சந்தித்த இருவர், மேலே ட்ரோன் இரைய, தண்ணீர் எடுக்க வந்தவர்களும் மாடு மேய்ப்பவரும் பார்த்துக்கொண்டிருக்க, காதலர்களாக நடிக்க வேண்டும். கூசினால் 'ஷை டைப்' என்று பட்டம். கூசாமலிருந்தால்தான் ஆச்சரியப்பட வேண்டும். எனக்கு அந்தக் கூச்சத்தின் மேல் மரியாதையே இருக்கிறது.

சமவெளியின் வெயில் இதில் தனிக் கதை. சிறுமலை அடிவாரமோ மலைக்கோட்டைப் பக்கமோ, பங்குனி மாதம் பதினொரு மணிக்குக் கல் கொதிக்கும். பட்டுக்குள் வியர்வை, முகத்தில் பூசியது வழிகிறது, சூரியனுக்கு நேராக நிறுத்தியதில் கண் தானாக இடுங்குகிறது. அந்த இடுங்கலைப் பார்த்து "டென்ஷனா இருக்கீங்களா?" என்று கேட்கிறவர் ஒரு மரத்தடியைத் தேடியிருக்கலாம்.

தன்னம்பிக்கை என்ற பெயரில் எதையெல்லாம் நம் மேல் போடுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் பாதிக்கு மேல் தட்டுமுட்டுச் சாமான் விஷயமாக இருக்கிறது. முதுகுத்தாங்கல் இல்லாத உயர ஸ்டூல். கால் தரையைத் தொடவில்லை. கால் தொங்கினால் இடுப்பு நழுவும், இடுப்பு நழுவினால் முதுகு வளையும், வளைந்த முதுகை நிமிர்த்தச் சொன்னால் தோள் காதுவரை ஏறும். உடனே "தோளை லூசா விடுங்க." கால் பதிகிற ஒரு சாதாரண நாற்காலி போட்டால் அந்த உத்தரவே தேவைப்படாது. கையை எங்கே வைப்பது என்பது அடுத்தது. பழைய ஸ்டுடியோக்காரர்களுக்கு இது தெரிந்திருந்தது. நாற்காலிக் கைப்பிடி, பூச்சாடி ஸ்டாண்டு, கையில் ஒரு புத்தகம், குடை, கைத்தடி. இவையெல்லாம் அந்தஸ்தைக் காட்ட வைத்தவை என்று மட்டும் ஆராய்ச்சிக்காரர்கள் எழுதுகிறார்கள். அந்தஸ்தும் இருந்தது, மறுக்கவில்லை. கூடவே வெறுங்கையின் தவிப்பையும் அவை தீர்த்தன. ஏதாவது ஒன்றைப் பிடித்திருக்கும் கை சும்மா இருக்கும். வெள்ளைத் திரைக்கு முன்னால் ஆளைத் தனியாக நிறுத்தும் இன்றைய ஏற்பாடு அந்தச் சாமான்களையெல்லாம் பழசு என்று தூக்கிப் போட்டுவிட்டு, கை தவிக்கிறதே என்று நம்மைப் பார்க்கிறது.

பிறகு தூரம். கைப்பேசியை நீட்டிப் பிடித்தால் முகத்திலிருந்து ஓரடி இருக்கும். அந்தத் தூரத்தில் மூக்கு ஐந்தடி தள்ளி எடுப்பதைக் காட்டிலும் ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018இல் போரிஸ் பாஸ்கோவர் என்ற அறுவைசிகிச்சை மருத்துவரும் அவருடைய குழுவும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். செல்ஃபியில் மூக்கு பெரிதாக இருக்கிறதென்று மூக்கைச் சின்னதாக்கக் கேட்டு ஆட்கள் வந்ததால்தான் அவர் அந்தக் கணக்குக்கே போனார். தினமும் அந்த மூக்கைப் பார்த்துப் பார்த்துத் தன் முகமே பிடிக்காமல் போன ஒரு பெண் ஸ்டுடியோவுக்கு வந்து தயங்குகிறாள். அவளுக்கு மனப்பயிற்சி வகுப்பு எடுக்கிறோம். ஆறடி தள்ளி நின்று, 85 மில்லிமீட்டர் லென்ஸில், கண் மட்டத்தில் கேமராவை வைத்து ஒன்று எடுத்துக் காட்டினால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடியும்.

கண்ணாடியில் பழகச் சொல்வதும் அரைவேக்காட்டு யோசனைதான். மிட்டா, டெர்மர், நைட் என்ற மூன்று உளவியலாளர்கள் 1977இல் சில பெண்களின் படங்களை அசலாகவும் இடவலம் மாற்றியும் காட்டினார்கள். தோழிகளுக்கு அசல் பிடித்தது. சம்பந்தப்பட்ட பெண்களுக்குக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடவலம் மாறியதுதான் பிடித்தது. நாம் ஆயுசு முழுக்கப் பார்த்துப் பழகிய முகம் கண்ணாடி முகம். படத்தில் வருவது ஊரார் பார்க்கும் முகம். வகிடு இடம் மாறி, உதட்டுக் கோணல் இடம் மாறி, யாரோ போலத் தெரிகிறோம். "என் போட்டோ எனக்கே புடிக்காது" என்று சொல்கிற பெரும்பாலோருக்கு இருக்கும் நோய் இவ்வளவுதான். இன்னும் அதிகமாகக் கண்ணாடி பார்த்தால் அது இன்னும் கூடும்.

நிறம் பற்றிச் சொல்லாமல் போனால் திண்டுக்கல்லில் இருந்து எழுதுவதாகவே ஆகாது. கேமராவின் வெளிச்சமானி காட்சி முழுவதையும் ஒரு நடுத்தரச் சாம்பலாக எண்ணிக் கணக்கிடும். பின்னால் வெள்ளைத் திரை இருந்தால் ஏமாந்து வெளிச்சத்தைக் குறைக்கும். முன்னால் இருக்கும் மாநிற முகம் கறுத்துப் போகும். கோடாக் நிறுவனம் கலர் பிரிண்டுகளைச் சரிபார்க்க லேபுகளுக்குக் கொடுத்த 'ஷெர்லி' அட்டைகளில் பல பத்தாண்டுகள் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான். அவளுக்குச் சரியாக வந்தால் எல்லாருக்கும் சரி. இப்போது ஃபிலிம் இல்லை, அட்டை இல்லை, பழக்கம் மட்டும் இருக்கிறது. முகத்துக்கு வெளிச்சம் கொடுக்கத் தெரியாதவர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து முகத்தை 'ஏத்துகிறார்'. வரன் பார்க்கும் படமென்றால் கேட்கவே வேண்டாம், கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். சின்னாளப்பட்டிச் சுங்குடி கட்டி நிமிர்ந்து உட்கார்ந்த பெண் கையில் அந்தப் பிரிண்டைக் கொடுக்கும்போது அவளுக்குச் சொல்லப்படும் செய்தி என்ன? உன் முகத்தில் நம்பிக்கை தெரிய வேண்டும், ஆனால் உன் முகம் தெரியக்கூடாது.

பதற்றம் படத்தைக் கெடுக்காது என்று நான் வாதாடவில்லை. கடித்த தாடை தெரியும், பிடித்து வைத்த மூச்சு தெரியும். ஆனால் இளகிய முகம்தான் நல்ல படம் என்பதும் உண்மையில்லை. 1941 டிசம்பர் 30 அன்று ஒட்டாவா நாடாளுமன்றக் கட்டடத்தில் யூசுஃப் கார்ஷ் சர்ச்சிலை எடுத்தார். சர்ச்சிலுக்குப் படம் எடுக்கப்போவதே முன்னால் சொல்லப்படவில்லை. வேண்டாவெறுப்பாக நின்று சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டார். கீழே வைக்கச் சொல்லியும் கேட்காததால் கார்ஷ் அருகே போய் வாயிலிருந்தே பிடுங்கிவிட்டார். எரித்துவிடுவது போலப் பார்த்த அந்தக் கணத்தில் எடுத்ததுதான் உலகப் புகழ்பெற்ற படம். பிரிட்டனின் ஐந்து பவுண்டு நோட்டிலும் 2016இல் அதுவே ஏறியது. (ஸ்பென்சர் கம்பெனிக்குத் திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை இருந்ததை வைத்து அவர் பிடித்தது நம்ம ஊர்ச் சுருட்டு என்று பெருமை பேசுகிறவர்கள் உண்டு. திருச்சிக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அந்தச் சண்டை நமக்கு வேண்டாம்.) அந்த உத்தி எல்லாருக்கும் ஆகாது, வத்தலக்குண்டுப் பெரியவர் வாயிலிருந்து பீடியைப் பிடுங்கினால் கேமரா உடையும். எந்த முகம் படமாக நிற்கும் என்பதை 'ரிலாக்ஸ்' முடிவுசெய்வதில்லை என்பதற்காகத்தான் இதைச் சொன்னேன்.

படக்காரர்களின் பக்கமும் எனக்குத் தெரியாததல்ல. கைப்பேசி வந்து அவர்கள் பிழைப்பில் பாதியைத் தின்றுவிட்டது. முகூர்த்த நாளில் விடியுமுன் போய் நின்று நள்ளிரவில் வீடு திரும்புகிறார்கள். பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவரிடம் பேசிக்கொண்டிருந்தால் வாசலில் நாலு பேர் சேர்ந்துவிடுகிறார்கள். ஆனாலும் இந்தத் தொழிலில் தேர்ந்தவர்கள் 'ரிலாக்ஸ்' என்ற வார்த்தையைச் சொல்லி நான் பார்த்ததில்லை. வந்தவரை உட்காரவைத்து, ஊர் எது, மழை உண்டா, பூ மார்க்கெட்டில் மல்லி என்ன விலை என்று கேட்டுக்கொண்டே விளக்கை நகர்த்துகிறார்கள். இரண்டு தடவை ஃபிளாஷ் அடித்துக் கண்ணுக்குப் பழக்கிவிடுகிறார்கள். கண் சிமிட்டுகிறவரிடம், "கண்ணை மூடிக்கங்கய்யா, மூணு சொல்றப்ப திறங்க" என்கிறார்கள். எடுத்ததை உடனே காட்டி, புடிச்சிருக்கா என்று கேட்கிறார்கள். ஐந்து நிமிடத்துக்குள் இவ்வளவும் நடந்துவிடும்.

வயதானவர்கள் விஷயத்தில்தான் இந்த அறிவுரை அபத்தத்தின் உச்சிக்குப் போகிறது. நம் பக்கத்துக் கிராமங்களில் எழுபது தாண்டியவர்கள் ஸ்டுடியோவுக்கு வந்து பெரிதாக ஒரு படம் எடுத்துக்கொள்வது எதற்காக என்று கடைக்காரருக்கும் தெரியும், கூட வந்த பிள்ளைக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று அவர்கள் பார்த்திருக்கிறார்கள். கண்ணீர் அஞ்சலி பிளக்ஸுக்குப் படம் தேடி, கடைசியில் ஆதார் அட்டை முகத்தையோ யாரோ கல்யாணப் பந்தியில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது எடுத்ததையோ வெட்டிப் பெரிதாக்குவார்கள். அந்தக் கதி வேண்டாம் என்றுதான் அப்பத்தா காதில் தண்டட்டியோ தோடோ போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரி வந்திருக்கிறாள். படத்திறப்பு அன்று நடுக்கூடத்தில் மாலையோடு இருக்கப்போகிற முகத்தை அவள் முன்கூட்டியே தேர்ந்தெடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். "அப்பத்தா, கொஞ்சம் சிரிங்க." எதற்கு? அவள் அப்படியே வெறித்து உட்கார்ந்தால், பயந்துவிட்டாள் என்று பேரன் சொல்கிறான். அந்த அறையில் தான் என்ன செய்கிறோம் என்று தெளிவாகத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

இளம்பெண்களின் இறுக்கத்துக்கும் காரணம் கேட்டால் கிடைக்கும். எடுத்த படம் எங்கெங்கே போகும் என்பது அவர்களுக்குத் தெரியாது. வரன் பார்க்கக் கொடுத்த படம் எத்தனை வாட்ஸ்ஆப் குழுவில் சுற்றுகிறது, கல்யாணப் படம் ஸ்டுடியோவின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் மாதிரியாக ஏறுமா, கடைவாசல் பிளக்ஸில் வெயிலில் வெளுக்குமா, கீழே யார் என்ன எழுதுவார்கள். இதையெல்லாம் யோசிக்கிற முகம் கொஞ்சம் இறுகத்தான் செய்யும். இதைத் தன்னம்பிக்கைக் குறைவு என்று பெயரிட்டுத் திருத்தப் பார்ப்பதைவிட, அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டுக் கேமராவைத் தூக்கலாம்.

பதில் சட்டத்திலேயே இருக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, காசு கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவர்தான், வேறு ஒப்பந்தம் செய்துகொள்ளாத வரைக்கும். கேமரா யாருடையது, யார் பொத்தானை அழுத்தினார் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஆக, உங்கள் கல்யாணப் படத்தை விளம்பரத்துக்கு எடுத்துக்கொள்ள நினைக்கும் ஸ்டுடியோ உங்களிடம் கேட்டாக வேண்டும். அட்வான்ஸ் கொடுக்கும்போது ரசீதின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். படங்களை நிறுவனம் தன் விருப்பப்படி பயன்படுத்திக்கொள்ளலாம் என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தால், அதை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கூட ஒரு ஆளைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.